ஓணத்துக்கு ரெடி

"அஞ்சே நிமிஷம் மக்கா. சர்வர ஒரு தடவ அணைச்சுப் போட்டுக்கிடுகேன்" என்று சர்வர் மாமா சொல்லிவிட்டால் பிள்ளைகளைக் குளிக்க அனுப்பிவிடலாம். குளித்து வந்ததும் சோறு போடலாம். வசதிப்பட்டால் திற்பரப்பு வரைக்கும் ஒரு நடை கூட்டிக்கொண்டு போய் அருவியில் நனைத்து, வருகிற வழியில் அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்து, உறங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம். மாமா அதே நாற்காலியில், அதே சாரத்தோடு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். "முடிஞ்சு. இன்னும் ரெண்டே நிமிஷம்" என்பார். மூன்று நிமிஷம் மிச்சம் பிடித்த பெருமை முகத்தில் தெரியும்.

யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. வடசேரியில் ஒரு சர்வர் மாமா உண்டு, தக்கலையில் ஒருவர், மார்த்தாண்டத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. என் மனைவிக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் வெட்டூர்ணிமடத்தில் இருக்கிறான் என்பதெல்லாம் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத குடும்ப விவரம்.

பிள்ளைகள் கேட்டது சின்ன விஷயம். நாகர்கோவிலில் நாலு, திங்கள்சந்தையில் ரெண்டு, ஆக ஆறு பேர் சேர்ந்து மைன்கிராஃப்ட் விளையாட ஒரு இடம். ஸ்வீடனில் மோஜாங் என்கிற கம்பெனி செய்த விளையாட்டு அது. சதுரக் கட்டைகளை வெட்டி எடுத்து அடுக்கி வீடு கட்டுவதுதான் ஆட்டம். அந்தக் கம்பெனியை 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சர்வர் கோப்பை மோஜாங்கே இலவசமாகத் தருகிறது. இறக்க வேண்டும், ஜாவா இருக்க வேண்டும், நிபந்தனைக் கோப்பைத் திறந்து 'ஃபால்ஸ்' என்பதை 'ட்ரூ' என்று மாற்ற வேண்டும், ஓட்ட வேண்டும். கூட்டிக் கழித்தால் ஒரு ரசவடை ஊறுகிற நேரம்.

மாமா அப்படிச் செய்வாரா? "கையால எறக்கி ஓட்டுகது பாவம் அத்தான்" என்பார். லினக்ஸில் எதையும் பொட்டலமாகக் கட்டித்தான் ஏற்ற வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வேதம். எந்தக் கோப்பு எந்த இடத்தில் உட்காரும், எது எதை நம்பி இருக்கிறது, யார் பெயரில் ஓடும், போகும்போது எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகும் என்று அத்தனையும் எழுதிக் கட்டுகிற பொட்டலம். கோட்டாறு கடைத்தெருவில் அண்ணாச்சி ஐம்பது கிராம் கடுகைப் பழைய பேப்பரில் கொட்டி, நாலு மடக்கு மடக்கி, தலைக்கு மேல் தொங்குகிற நூலை இழுத்து ரெண்டு சுற்று சுற்றி அறுத்து நீட்ட ஐந்து வினாடி ஆகும். தோவாளையில் விடியுமுன்னே எத்தனை பிச்சிப்பூப் பொட்டலம் வண்டி ஏறிவிடுகிறது! மாமாவோ மூன்று வருஷத்துக்கு மேலாக நூல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்.

இதில் பெரிய வேடிக்கை, பொட்டலத்துக்குள் கடுகு கிடையாது. தன் சர்வர் கோப்பைப் பிறர் விநியோகிக்க மோஜாங் விடுவதில்லை. ஆகவே உள்ளே இருப்பதெல்லாம், 'மோஜாங் கடையில் நேரே போய்க் கடுகு வாங்கிக்கொள்ளவும்' என்று எழுதிய சீட்டு மட்டும். அந்தச் சீட்டைத்தான் இத்தனை காலமாக மடக்கிக்கொண்டிருக்கிறார்.

"அப்பம் லுவாண்டி ஆடுங்க மக்கா, அது முழுக்கச் சுதந்திரம்" என்று ஒருமுறை பிரசங்கமும் செய்து பார்த்தார். ஃபின்லாந்துக்காரர் பெர்த்து அஹோலா 2010-இல் தொடங்கிய, அதே மாதிரிக் கட்டை ஆட்டம். மைன்டெஸ்ட் என்றிருந்த பெயரை 2024 அக்டோபரில் லுவாண்டி என்று மாற்றினார்கள். மாமா ஓட்டுகிற டெபியன் என்கிற லினக்ஸில் கட்டிய பொட்டலமாகவே கிடைக்கும். பிள்ளைகள் பத்து நிமிஷம் ஆடிவிட்டு "இது டூப்ளிகேட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மாமா அதிகம் வாதாடவில்லை. யாரோ கட்டி வைத்த பொட்டலத்தில் அவருக்கு என்ன வேலை இருக்கிறது?

சர்வர் என்பது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். டிவிக்குப் பின்னால், ரெண்டு செங்கல் மேல். 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதே, அந்தக் காலத்தில் பிளஸ் டூ படித்தவர் மாமா. அதில் விண்டோஸோடு கூடவே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். வகுப்பே விண்டோஸில் படம் பார்த்துக்கொண்டிருக்க, பாஸைத் திறந்து பார்த்த ஒரே பிள்ளை இவர். அன்று பிடித்தது. அந்த மடிக்கணினிக்கு இப்போது திரை இல்லை, பாதிப் பொத்தான்கள் இல்லை, பக்கத்தில் ஒரு மேஜை விசிறி ஓயாமல் ஓடுகிறது. வீட்டுக்கு வந்த ஆள் வேர்த்து உட்கார்ந்திருந்தாலும் விசிறி அந்தப் பக்கம்தான் பார்க்கும்.

சரி, எப்படியோ பொட்டலம் ஏறிவிட்டது, சர்வர் ஓடுகிறது, பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஓடுகிறதா என்றுதானே நாம் பார்ப்போம்? மாமா, கழற்ற முடிகிறதா என்று பார்ப்பார்.

டெபியனில் ஒரு பொட்டலத்தை ரெண்டு விதமாக வழியனுப்பலாம். 'ரிமூவ்' என்றால் ஆள் போய்விடுவார், பெட்டி படுக்கை இங்கேயே கிடக்கும்; திரும்பி வந்தால் எடுத்துப் புழங்கிக்கொள்வார். 'பர்ஜ்' என்றால் அடியோடு. இப்படி ஒருத்தர் இந்த வீட்டில் இருந்தார் என்பதற்கே சாட்சி மிஞ்சக் கூடாது. மாமாவுக்குப் பர்ஜ் மேல் தீராத மோகம். ஏற்றுவார், ஓட்டுவார், பர்ஜ் செய்வார், துரும்பு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடுவார், மறுபடி ஏற்றுவார். இந்தச் சோதனையைத் தனியாக ஒரு அடைப்புக்குள் வைத்துச் செய்ய பியுபார்ட்ஸ் என்று ஒரு கருவியே டெபியன்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அது சரி என்று சொன்ன பிறகும் "நெசமான மெஷின்ல ஒரு தடவ பாத்தாத்தான் அத்தான் மனசு ஆறும்" என்பார். நெசமான மெஷினில் ஆறு நெசமான பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினாள். காலை பத்து மணியிலிருந்து பகல் ஒரு மணிக்குள் பதினோரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் அவர்களுக்கு மரம் வெட்ட நேரம் இருந்தது, கதவு செய்ய நேரம் இல்லை. எட்டாவது கோட்டில் மாமா ஒரு சத்தம் போட்டார். என் மனைவி பாம்பு என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். பர்ஜ் செய்த பிறகும் ஒரு டைரக்டரி மிச்சமிருந்ததாம். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை. காலி டைரக்டரி. "காலியா இருந்தாலும் அது அங்க இருக்கப்படாது, கேட்டியளா" என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து அதற்கு வழி பண்ணினார். அதற்குப் பிறகும் அன்றைக்கு மூன்று கோடு.

இதற்கு மேல் லிண்டியன் என்று ஒரு கண்காணி வேறு. பொட்டலத்தை வரி வரியாக முகர்ந்து பார்த்துக் குறை சொல்லுகிற நிரல். மாற்றக் குறிப்பில் வரியின் கடைசியில் இடைவெளி கிடந்தால் சொல்லும். கட்டளைக்குக் கையேட்டுப் பக்கம் இல்லாவிட்டால் சொல்லும். பெற்ற தாய்க்கு அடங்காத ஆள் லிண்டியனுக்கு அடங்குவார். அது கேட்டது என்பதற்காகக் கையேட்டுப் பக்கம் எழுதினார். யுனிக்ஸ் வழக்கத்தில் விளையாட்டுகளின் கையேடு ஆறாம் பிரிவில் வர வேண்டும், ஆறாம் பிரிவிலேயே வைத்தார். தமிழிலும் ஒன்று எழுதினார். பிள்ளைகள் என்ன கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான்: "மேன் பேஜ்ல இருக்கு மக்ளே, வாசி."

எப்போது முடியும்? டெபியன்காரர்கள் தேதி சொல்வதில்லை, தயாரானால் வரும் என்பார்கள். மாமா அவர்களைவிட ஒரு படி மேல், தேதி சொல்வார். குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறைகளுக்கா பஞ்சம்? 2024-இல் "ஓணத்துக்கு ரெடி" என்றார். செப்டம்பர் 15 திருவோணம் அத்தப்பூவோடு போயிற்று. அப்புறம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1 என்றார். 1956-இல் ஒரு மாவட்டத்தையே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து எடுத்து இந்தப் பக்கம் ஏற்றிவிட்டார்கள், இவரால் ஒரு பொட்டலத்தை ஏற்ற முடியவில்லை. அடுத்தது டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் கோயில் திருநாள். அடுத்தது சிவராத்திரி. அந்த ராத்திரி காவி கட்டின ஜனங்கள் விசிறியும் கையுமாகத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவாலயத்தையும் ஓடியே முடித்துவிட்டார்கள். மாமா, பிள்ளைகள் ஆட்டத்தில் கட்டுகிற உலகத்தின் கோப்புகளை எந்த டைரக்டரியில் வைப்பது என்கிற முதல் கோயிலைத் தாண்டவில்லை. மாசி 20, அய்யா வைகுண்டர் அவதார தினமும் தாண்டியது. மண்டைக்காட்டுக் கொடைக்கு மண்டையப்பம் மட்டும் வந்தது.

தாமதத்துக்குக் காரணம் கேட்டால் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்பிலிருந்து மைன்கிராஃப்ட் சர்வருக்கு ஜாவா 21 வேண்டும். அன்றைய டெபியன் 12-இல் இருந்ததோ ஜாவா 17. வெளியிலிருந்து ஜாவா 21 இறக்கிப் போட ஊரில் பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். மாமா போடமாட்டார். "டெபியன் 13 வரட்டும், அதுல இருக்கும்." அதுவரைக்கும் பிள்ளைகள் ஜாவா 17-இல் ஓடுகிற 1.20.4-இல் ஆடட்டும், அதன் பெயர் 'சோதனை சர்வர்', அதில் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று அறிவித்தார். உத்தரவாதம் இல்லை என்பதைப் பதினொரு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று கையேட்டின் ஆறாம் பிரிவில் எழுதவில்லை.

இணைய இணைப்பு விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. நூறு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் மாதிரி ஒன்றைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், வெளியிலிருந்து யாரும் தேடி வர முடியாது. ஆகவே மும்பையில் ஒரு வாடகைச் சர்வர் பிடித்து அங்கிருந்து இங்கே ஒரு சுரங்கம் தோண்டினார். வெட்டூர்ணிமடத்து மரக்கட்டை கோட்டாறு போய்ச் சேர மும்பை வழியாகப் போகும்.

மாமா விளையாடுவாரா? எங்கே! உள்ளே வருவார், ஆடுவதற்கு இல்லை. சர்வர் வினாடிக்கு 20 தடவை துடிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த இருபது குறைகிறதா என்று நாடி பிடிக்க வருவார். வந்து ஒரே இடத்தில் நிற்பார். ராத்திரி ஆனால் பூதங்களும் எலும்புக்கூடுகளும் நடமாடுகிற ஆட்டம் அது, அடித்தாலும் நகரமாட்டார். "மாமா எப்பம் வந்தாலும் கோயில் வாசல் பூதத்தான் மாதிரி நிக்காரு அப்பா" என்றாள் மகள். கடைசியில் பூதத்தானைச் சுற்றி நாலு சுவர் எழுப்பிக் கூரை போட்டு விளக்கும் வைத்துவிட்டார்கள் பிள்ளைகள். அவருக்கு அது தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

நியாயத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் குறிப்பெழுதப் பயன்படுத்துகிற லாக்ஃபோர்ஜே என்ற துணுக்கில் ஓட்டை ஒன்று வெளிப்பட்டு உலகமே அல்லாடியது. மைன்கிராஃப்ட் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே போதும், சர்வரைக் கைப்பற்றலாம். ஊரடங்குக் காலத்தில் மாமா கையால் இறக்கி ஓட்டிக்கொண்டிருந்த பழைய சர்வரும் அப்படித்தான் திறந்து கிடந்தது. அதே பெட்டியில்தான் எங்கள் கல்யாணப் படங்களும் மாமியாரின் பென்ஷன் காகிதங்களும். அன்று ராத்திரி அவர் உறங்கவில்லை. மறுநாளிலிருந்துதான் இந்தப் பொட்டலப் பைத்தியம். "சர்வருக்குன்னு தனி யூசர். படிப்புரையோட சரி, அரங்குக்குள்ள, அடுக்களைக்குள்ள எட்டிப் பாக்கப்படாது" என்று அவர் சொன்னபோது, நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் யாரை எதுவரைக்கும் விடுவது என்று தெரிந்து கட்டியவர்களின் பேரன்தான் இவன் என்று தோன்றியது. எங்கள் தெருவில் அப்படி யோசித்து எதையும் பூட்டுகிறவர் வேறு யாரும் இல்லை.

இனி 'அவர்' எல்லாம் கிடையாது.

போன கோடை லீவில் என் மகள் அந்தச் சோதனை சர்வரில் மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டத் தொடங்கினாள். காமராஜர் காலத்தில் எண்ணி, 1966-இல் முடிந்த பாலம். பறளியாற்றுக்கு மேலே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைத் தொட்டியில் நடத்திக்கொண்டு போவது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது தூண்களை எண்ணிக்கொண்டு வந்திருந்தாள், 28. அத்தனையையும் ஊன்றினாள். மற்ற ஐந்து பேரும் கல் வெட்டிக் கொடுத்தார்கள். தொட்டி முடிந்ததும் தண்ணீர் விட்டால் ஓடவில்லை. அந்த ஆட்டத்தில் மட்டமான தரையில் தண்ணீர் ஏழு கட்டைதான் போகும், அப்புறம் நின்றுவிடும். நாலு நாள் யோசித்து, ஏழு கட்டைக்கு ஒரு படி இறக்கம் வைத்து மொத்தத் தொட்டியையும் பிரித்துத் திரும்பக் கட்டினாள். ஜூலையில் ஒரு சாயங்காலம் தண்ணீர் அந்தக் கரை சேர்ந்தது. "அப்பா, போய்ட்டு!" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டது.

ஆகஸ்ட் 9 டெபியன் 13 வந்தது, ஜாவா 21-ஓடு. அன்று ராத்திரியே என் மச்சினன் பழைய சோதனைப் பொட்டலத்தைப் பர்ஜ் செய்தான். துரும்பு மிஞ்சவில்லை. பாலமும்.

அமைப்புக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் கிட் என்கிற பதிப்புப் பெட்டகத்தில் பிரதி இருந்தது. யாரும் வாசிக்காத கையேட்டுப் பக்கத்தின் பழைய வடிவங்கள் நாற்பதோ ஐம்பதோ இருந்தன. பாலத்துக்கு ஒரு பிரதி இல்லை. மூன்று வருஷமாகப் பொட்டலம் கட்டுகிறவனுக்குப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்க்கத் தோன்றாதா? ஆறு பிள்ளைகள் அங்கே குடியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு வெறும் எண்ணாகத்தான் தெரிந்திருக்கிறது, திரையின் ஓரத்தில் '6' என்று. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இதை அவன் வாசிப்பான் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மட்டிப்பழச் சீப்போடு வந்தான். மகள் அறையை விட்டு வரவில்லை. வாசலில் நின்று கதவிடம் பேசினான். "மக்ளே, இனி பர்ஜ் பண்ணுனாலும் கேக்காம அழியாது. 'உலகத்தை அழிக்கவா?'ன்னு தமிழ்லயே கேக்கும். சும்மா எண்டர் தட்டுனா 'வேண்டாம்'னு எடுத்துக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு பிரதி தனியாப் போகும்." உள்ளிருந்து ஒரு கேள்விதான் வந்தது, "பாலம்?" அவன் பழச்சீப்பை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த பொட்டலத்தின் மாற்றக் குறிப்பில், உலகத்தை அழித்த பிழை சரி செய்யப்பட்டது என்று எழுதி, தெரிவித்ததற்கு நன்றி என்று என் மகள் பெயரைப் போட்டிருந்தான். வரியின் கடைசியில் இடைவெளி இல்லை.

செப்டம்பர் 5 திருவோணத்தன்று சர்வர் மாமா சர்வரைத் திறந்தார். "சொன்ன வாக்க காப்பாத்திட்டேன், ஓணத்துக்கு ரெடி. எந்த ஓணம்னு நான் சொல்லல்லியே?" எல்லாம் சுத்தம், லிண்டியன் வாய் திறக்கவில்லை, துடிப்பு இருபதுக்கு இருபது. இருபதில் ஓடாமல் என்ன செய்யும், உள்ளே ஒரு குஞ்சும் இல்லை. பிள்ளைகள் தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஃபோன்.

"அத்தான், பிள்ளை முழிச்சிருக்காளா?"

"ஒறங்குகா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. நான் சும்மா ஒரு ஒம்பது தூண் போட்டுப் பாத்தேன்." கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "தண்ணி ஏழு கட்டைக்கு மேல வரமாட்டேங்கு. லாக்ல ஒண்ணுமே இல்ல."

"காலையில கேட்டுச் சொல்லுகேன்" என்று வைத்தேன்.

உள்ளேயிருந்து என் மனைவி பாதி உறக்கத்தில் கேட்டாள், "யாரு, தம்பியா? என்னவாம்?"

"தண்ணி வரமாட்டேங்காம்."

"மோட்டாரப் போடச் சொல்லுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.